மரக்கலத்தின் மேற்பூச்சு: ஒரு சரித்திர நோக்கு

மரக்கலங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கலத்தின் நீள அகலங்களையும், பாயின் அமைப்பினையும், அது சென்று சேர்ந்த துறைகளையும், சுமந்து வந்த பண்டங்களையும் பற்றியே விரித்துரைப்பர். கலத்தின் மரத்தைப் புறத்தே காத்து நின்ற பூச்சினைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஆயின், எத்துணைத் திறமையாகக் கட்டப்பட்ட கலமாயினும், அதன்மேற் பூசிய எண்ணெயோ கீலோ வார்னிஷோ தன் கடமையினின்றும் வழுவுமாயின், சில ஆண்டுகளுள் அது விறகாகிவிடும். 'எந்தப் பூச்சு நெடுங்காலம் நிற்கும்?' என்னும் வினாவுக்குத் தச்சரும் மாலுமிகளும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளை முறைப்படுத்தி நோக்குமிடத்து, வினாவையே சிறிது மாற்றிக் கேட்டல் வேண்டும் என்பது புலனாகின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், மரத்தின் பகைகள் இவை என அறிதல் வேண்டும். அவை நான்கு. முதலாவது வெயில். ஞாயிற்றொளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள், மரநார்களைப் பிணித்து நிற்கும் இலிக்கினின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்த மேற்பரப்பை மழை கழுவிச் செல்ல, மரம் சாம்பல் நிறம் எய்துகின்றது. இரண்டாவது ஈரம். மரம் நீரை உண்டு பருப்பதும் உலர்ந்து சுருங்குவதுமாக ஓயாது அசையும் இயல்பினது. அவ்வசைவினாற் பலகைப் பொருத்துகள் திறந்துகொள்கின்றன. மூன்றாவது பங்கசு. மரத்திலுள்ள ஈரம் ஏறத்தாழ 20 வீதத்திற்குக் கீழ் நிற்குமாயின் அழுகல் உண்டாகாது. அதனை மிகவுங் கடந்து நெடிது நிற்பின் அழுகல் தொடங்கும். இதனை விளைப்பதிற் கடல்நீரினும் மழைநீரே கொடிது. உப்பு பங்கசின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கும்; மேற்றளத்தின் மூலைகளிலே தேங்கும் நன்னீர் அதனை வளர்க்கும். நான்காவது கப்பற்புழு. பெயராற் புழு எனப்படினும் இது சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர். நுண்ணிய துளை வழியாக உள்ளே புகுந்து, புறத்தே அடையாளம் யாதுந் தோன்றாவண்ணம் பலகையை உள்ளிருந்தே தேன்கூடு போலக் குடைந்துவிடும்.

முதல் மூன்று பகைகளும் நீர்மட்டத்திற்கு மேலே வலியன. நான்காவது கீழே வலியது. ஆதலின் கலத்தின் மேற்பாகத்திற்கு வேண்டிய காவல் வேறு, கீழ்ப்பாகத்திற்கு வேண்டிய காவல் வேறு. இவ்வேறுபாட்டினைப் பழையோர் நன்குணர்ந்திருந்தனர் என்பது பின்னர்த் தெளிவாகும்.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஓமான் நாட்டுக் கரையிலே, ராஸ் அல் ஜின்ஸ் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த நிலக்கீற் துண்டுகள் பல அங்கே கிடைத்தன. அவற்றின் ஒரு பக்கத்திலே நாணற் கட்டுகளும் கயிறுகளும் பலகைகளும் பதிந்த தடங்கள் உள்ளன; மறு பக்கத்திலே கொட்டலசுகள் ஒட்டியுள்ளன. கலம் அழிந்துபோக, அதன் பூச்சு மாத்திரம் எஞ்சிற்று. அத்துண்டுகள் சேமித்து வைக்கப்பட்டவை போலக் காணப்படுவதால், பழைய பூச்சினைச் சுரண்டி எடுத்து, மீண்டும் உருக்கிப் பூசும் வழக்கம் அக்காலத்தே இருந்தது என ஆராய்ச்சியாளர் கருதுவர். பூச்சு என்பது ஒருமுறை இட்டு மறந்துவிடும் பொருளாக அன்றும் கருதப்படவில்லை.

இனி, இந்துமாகடலின் பிற்கால வழக்கினை நோக்குவாம். கி. பி. 1183ஆம் ஆண்டளவிற் செங்கடற்கரையிலுள்ள ஐதாப் துறைக்கு வந்த இபுனு ஜுபைர் என்னும் அந்தலூசிய யாத்திரிகர், அங்கே கண்ட கலங்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அக்கலங்களில் இரும்பாணி ஒன்றேனும் இல்லை. பலகைகள் தென்னந்தும்புக் கயிற்றினாலே தைக்கப்பட்டிருந்தன. தைத்து முடித்தபின் அவற்றின்மேல் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர். இவற்றுட் சுறா எண்ணெயே சிறந்தது என்பது அவர் கூற்று. பூசுவதற்குக் காரணமும் அவர் கூறுகின்றார்: அக்கடலிற் பவளப்பார்கள் மிகுதி, எண்ணெய் ஊறிய மரம் மென்மையும் வளைவும் பெற்று, பாரில் முட்டினும் உடையாது தாங்கும். கி. பி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே ஓர்முசுத் துறையைக் கண்ட மார்க்கோ போலோவும், அங்குள்ள தைத்த கலங்களுக்குக் கீல் பூசப்படுவதில்லை, மீனெண்ணெயே பூசப்படுகின்றது என்று குறிப்பிடுகின்றார். ஆயினும் அக்கலங்களை அவர் மெச்சவில்லை. அவற்றிற் பயணஞ் செய்தல் பெரிதும் ஆபத்தானது என்றே எழுதினார்.

இவ்விரு யாத்திரிகரின் கூற்றுகளையும் ஒப்புநோக்குக. ஒருவர் பூச்சின் காரணத்தைக் கேட்டறிந்தார். மற்றவர் தம் நாட்டுக் கீல் இங்கில்லையே என்று வியந்தார். தைத்த கலம் அலையோடு நெளிந்து செல்வது. அதன்மேல் வன்மையாக இறுகும் பூச்சொன்றை இடின், முதற் புயலிலேயே அது வெடித்துவிடும். மரத்தினுள் ஊறி நிற்கும் எண்ணெயோ மரத்தோடு தானும் அசையும். கயிற்றையும் அது உலராமற் காக்கும். ஆதலின் எண்ணெய் பூசுதல் அறியாமையால் வந்த வழக்கமன்று. கலத்தின் கட்டமைப்பிற்கு ஏற்பத் தெரிந்தெடுத்த வழக்கமாகும்.

எண்ணெய்கள் இடத்திற்கேற்ப வேறுபட்டன. மாலைதீவாரும் இலட்சத்தீவாரும் சுறாவின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசினர். தென்னிந்தியக் கரைகளில் மீனெண்ணெயோடு புன்னை எண்ணெயும் பயன்பட்டது. பலகைப் பொருத்துகளை அடைப்பதற்குக் குங்கிலியத்தை எண்ணெயிலிட்டுக் காய்ச்சிக் குழம்பாக்கினர். போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டிலே பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரமுந்திரிகை வேரூன்றியபின், அதன் கொட்டையோட்டிலிருந்து வடியும் காரமான எண்ணெயைக் கேரளக் கரையார் தம் வள்ளங்களுக்குப் பூசலாயினர். தோலைப் புண்ணாக்கும் அவ்வெண்ணெயிலுள்ள பீனோல் வகைப் பொருள்கள் பூச்சிகளையும் பங்கசையும் விலக்கவல்லன என்பதை இரசாயன நூலார் பின்னர் விளக்கினர். வள்ளத்தச்சரோ அனுபவத்தாலே முன்னரே அறிந்திருந்தனர்.

மேற்பாகத்திற்கு எண்ணெய் போதும், கீழ்ப்பாகத்திற்குப் போதாது. அங்கே சுண்ணாம்பு துணைக்கு வந்தது. அராபிய மாலுமிகள் ஆட்டுக்கொழுப்பையும் சுண்ணாம்பையும் கலந்து, கையினாலே கலத்தின் அடிப்பாகத்தில் அப்பினர். 1938, 1939ஆம் ஆண்டுகளிற் குவைத்துக் கலமொன்றிலே பயணஞ் செய்த அலன் வில்லியர்ஸ் இவ்வழக்கத்தை நேரிற் கண்டெழுதினார். 1980ஆம் ஆண்டிலே மஸ்கற்றிலிருந்து புறப்பட்டு 1981இற் சீனத்துக் கன்ரன் துறையை அடைந்த 'சோகார்' என்னும் தைத்த கலத்திற்கும், அதனைக் கட்டுவித்த ரிம் செவரின் இக்கலவையையே பூசுவித்தார். சீனரோ சுண்ணாம்போடு நறுக்கிய சணலையும் மரமொன்றின் எண்ணெயையும் இடித்துக் கலந்தனர் என்று மார்க்கோ போலோ கூறுகின்றார். இவ்வெண்ணெய் 'துங்' மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த இத்தகைய சாந்து மேலைக் கரைத் துறைகளிலும் 'கல்கல்' என்னும் பெயரால் வழங்கிற்று.

கொழுப்பும் சுண்ணாம்பும் நிலையானவை அல்ல. சில மாதங்களிலே தேய்ந்துவிடும். ஆயின் பருவக்காற்றுக் கடலிலே இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்காற்று உக்கிரமாக வீசுங் காலத்திற் கலங்கள் ஓடுவதில்லை. அவை கரையேற்றப்பட்டு உலர்த்தப்பட்டன. உலர்த்திய அளவிலே உள்ளிருந்த புழு இறந்தது. சுரண்டி, அடைத்து, மீண்டும் பூசிக் கடலில் இறக்கினர். பூச்சின் ஆயுள் காற்றின் ஆட்டைக் கணக்கோடு இயைந்திருந்தது.

சீனக் கலங்களைப் பற்றி மார்க்கோ போலோ கூறும் மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஓராண்டு ஓடிய கலத்தைப் பழுது பார்க்கும்போது, பழைய பலகையைக் களையாது அதன்மேற் புதியதொரு பலகை வரிசையை அறைவர். இவ்வாறு ஆறு வரிசை வரையும் சேர்ப்பர் என்கின்றார். பதினேழாம் நூற்றாண்டிற் கீழைத்தேயம் நோக்கி வந்த ஒல்லாந்தரின் கலங்களும் இம்முறையைத் தழுவின. கலத்தின் உண்மையான ஓக்குப் பலகைக்கு வெளியே மலிவான பைன் பலகையொன்றை அறைந்து, இரண்டிற்கும் இடையே விலங்குமயிரையுங் கீலையும் திணித்தனர். 1629இல் மேற்கு அவுஸ்திரேலியக் கரையில் உடைந்த 'பத்தேவியா' கப்பலின் எச்சங்களில் இதனைக் காணலாம். புழு வெளிப்பலகையைத் தின்னட்டும், உள்ளது தப்பட்டும் என்பதே இதன் கருத்து. காப்பது தான் அழிந்து பிறிதைக் காக்கின்றது.

ஐரோப்பியர் நம்பிய முதன்மையான பூச்சு கீல். பைன் மரத்தின் வேர்களையும் அடிக்கட்டைகளையும் மண்ணால் மூடிய குழிகளிலே மெல்லெரியச் செய்து இதனை வடித்தனர். சுவீடனும் அதன் ஆட்சிக்குட்பட்டிருந்த பின்லாந்தும் இதற்குப் பெயர் போனவை. 1648இல் நிறுவப்பட்ட சுவீடன் நாட்டுக் கீற் கம்பனி இவ்வணிகத்திலே தனியுரிமை பெற்றது. விலையும் வழங்கலும் அந்நியர் கையிற் சிக்கியமை கண்டு கவலையுற்ற இங்கிலாந்து, 1705இல் ஒரு சட்டம் இயற்றி, தன் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வருங் கீலுக்கு ஊக்கத்தொகை வழங்கிற்று. பூச்சுப் பொருளொன்றன் பொருட்டு அரசுகள் போட்டியிட்ட வரலாறு இது. கீல் மரத்தினுள் ஊறிப் பங்கசைத் தடுத்தது, பாய்க்கயிறுகளையும் காத்தது. வெப்பக்கடற் புழுவை மாத்திரம் அதனால் முற்றாக வெல்ல முடியவில்லை.

ஆகவே, பூச்சை விடுத்து உலோகத் தகட்டினாலே கலத்தைப் போர்க்கும் எண்ணம் எழுந்தது. இது முற்றிலும் புதியதன்று. 1965இற் சைப்பிரசுத் தீவின் கிரீனியாக் கரையருகே கண்டெடுக்கப்பட்ட கி. மு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கலம் ஈயத்தகடு போர்த்தியதாகவே இருந்தது. இங்கிலாந்திலும் 1670இன் பின்னர்ச் சில போர்க்கப்பல்களுக்கு ஈயத்தகடு இடப்பட்டது. சுக்கானைத் தாங்கிய இரும்புகள் விரைவில் அரிக்கப்பட்டமையால் அது கைவிடப்பட்டது. 1761இல் 'அலாம்' என்னும் போர்க்கப்பலுக்குச் செப்புத்தகடு அறைந்து பார்த்தனர். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று மீண்ட அதனை 1763இற் பரிசோதித்தபோது, புழு தொடவில்லை, பாசி படியவில்லை. ஆயின் செம்பைத் தொட்ட இரும்பாணிகள் உருக்குலைந்திருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையே கிடந்த இடங்களில் மாத்திரம் ஆணிகள் நலமாயிருந்தன. உப்பு நீரிலே இருவகை உலோகங்கள் தொடும்போது மின்னோட்டம் உண்டாகி ஒன்று கரைந்துவிடும் என்னும் உண்மை அக்காலத்தில் எவருக்குந் தெரியாது. எனினும் போரின் அவசரம் பொறுக்கவில்லை. 1779இன் பின் சில ஆண்டுகளுள் பிரித்தானியக் கடற்படை முழுவதும் செம்பு போர்த்தது. இரும்பாணிகளுக்குப் பதிலாகச் செப்புக் கலவை ஆணிகள் வந்த பின்னரே இம்முறை நிலைபெற்றது.

இதன் பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பாடமாகும். செம்பும் கடல்நீரிலே மெல்ல மெல்லத் தேய்ந்தது. அதனைத் தடுக்குமாறு கடற்படையார் வேண்ட, சேர் கம்பிரி டேவி 1824இல் ஆராய்ச்சி செய்து, இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைச் செப்புத்தகட்டோடு இணைப்பின் அவை கரைய, செம்பு கரையாது நிற்கும் என்று நிறுவினார். அவர் கூறியவாறே செம்பு தேயாது நின்றது. ஆயின் அத்தேயாத செம்பின்மேற் பாசியும் கொட்டலசும் செழித்து வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன! செம்பு கரைந்து கசிந்தமையே அவற்றை அதுகாறும் விலக்கி வந்தது. தேய்வை நிறுத்தியவுடன் காவலும் நின்றது. சில ஆண்டுகளுள் டேவியின் காப்புத்துண்டுகள் அகற்றப்பட்டன. அறிவியல் தவறவில்லை, 'அழியாதிருப்பதே காவல்' என்னும் எண்ணமே தவறிற்று. 1832இற் செம்பும் துத்தநாகமும் ஏறத்தாழ 60க்கு 40 என்னும் அளவிற் கலந்த மலிவான தகட்டிற்கு உரிமம் பெற்ற பேமிங்காம் நகரத்து முன்ற்ஸ் என்பார், வேண்டுமளவு மாத்திரம் தேயும் உலோகத்தையே நாடினார் என்பது கருதத்தக்கது.

பூச்சின் பெருமையைப் பேசும்போது மரத்தின் பெருமையையும் மறத்தலாகாது. 1817இற் பம்பாயில் வாடியா குடும்பத்து யம்செட்ஜி பொமன்ஜி தேக்கினாற் கட்டிய 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல், நமது துறைமுகத்தின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்திலுள்ள ஹாட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்து நிற்கின்றது. தேக்கினுள் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பொருள் அதற்கு உள்ளிருந்து பூசிய பூச்சுப் போன்றது. எனினும் அதுவும் பராமரிப்பின்றி நிற்கவில்லை. 2001இல் முடிவுற்ற பெரும் புதுக்கு வேலையின் பின்னரே இந்நிலையை எய்தியது.

நீர்மட்டத்திற்கு மேலே மற்றொரு போராட்டம் நடந்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுத் தோலாக இறுகும் இயல்பினது. அதனோடு பிசினைக் காய்ச்சி வார்னிஷ் செய்தனர். மரத்தின் இயற்கை அழகைக் காட்டும் இப்பூச்சு உல்லாசப் படகுகளுக்கு அணியாயிற்று. இருபதாம் நூற்றாண்டிற் சீனத்துத் துங் எண்ணெயும், 1907இல் பேக்லண்டு கண்ட செயற்கைப் பிசினின் வழிவந்த பீனோலிக் பிசின்களும் சேர்ந்து அதனை வலிமைப்படுத்தின. 1937இல் ஜேர்மனியில் ஒற்றோ பேயர் பொலியூரிதேன் வகையைக் கண்டார். அதனையடுத்து எப்பொட்சியும் வந்தது. இவை கண்ணாடி போல் ஒளிர்வன, கல்போல் இறுகுவன.

ஆயினும் தெளிந்த பூச்சுக்கு ஒரு குறையுண்டு. நமது கண்ணுக்கு மரத்தைக் காட்டும் பூச்சு ஞாயிற்றுக்கும் அதனைக் காட்டுகின்றது. கதிர் உட்சென்று மரத்தின் மேற்படையைச் சிதைக்க, பூச்சு நலமாயிருக்கும்போதே அது பற்றிநின்ற நிலம் நழுவிவிடுகின்றது. கதிர்களை உறிஞ்சும் பொருள்களை இக்காலத்து வார்னிஷிலே கலக்கின்றனர்; அவையும் நாளடைவிற் செலவாகிவிடும். நிறமூட்டிய வர்ணப்பூச்சு கதிரை முற்றாக மறைப்பதால் நெடிது நிற்கும். மிக வன்மையான பூச்சிலோ வேறோர் ஆபத்து உண்டு. அசையும் மரத்தின்மேல் அசையாத பூச்சு வெடிக்கின்றது. மயிரிழை போன்ற அவ்வெடிப்பினால் மழைநீர் உட்புகுகின்றது. புகுந்த நீர் வெளியேற வழியில்லை. பளபளக்கும் பூச்சின் கீழே மரம் அழுகுவது இதனாலேயே.

நீர்மட்டத்தின் கீழேயும் நிலைத்த பூச்சினை நாடிய பேராசை தீங்கு விளைத்தது. 1960களிற் பரவிய வெள்ளீயக் கூட்டுப் பூச்சுகள் கொட்டலசை அற்புதமாக விலக்கின. ஆனால் கரைந்த நஞ்சு கடலிலே தங்கிற்று. பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவிலே சிப்பி வளர்ப்போர் பெருநட்டமடைந்தனர். 1982இற் பிரான்சு சிறு படகுகளுக்கு அதனைத் தடுத்தது. 2001இல் இயற்றப்பட்ட சருவதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து உலகெங்கும் அதனை விலக்கிற்று. ஒரு கலத்தின் காவல் ஒரு கடலின் கேடாக முடிந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குவார்க்கு, 'எது நெடுங்காலம் நிற்கும்?' என்னும் வினா குறைபாடுடையது என்பது விளங்கும். பூச்சொன்றைத் தெரிவு செய்பவர் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. இது நீர்மட்டத்தின் மேலே பூசுவதற்கா, கீழே பூசுவதற்கா? மரம் அசையும்போது இதுவும் அசையுமா? தன் காலம் முடியும்போது இது தேய்ந்து முடியுமா, உரிந்து முடியுமா? பழையதைக் களையாமலே இதன்மேற் புதிய படையை இடலாமா? தேய்ந்து விழுவது எங்கே சேரும்? இறுதியாக, இதனைப் புதுப்பிக்க வேண்டிய நாளில் அதனைச் செய்வார் யார்? இவ்வினாக்களுக்கு விடை கூறுமிடத்து, வெயிலும் மழையும் மிக்க நாட்டிலே, ஆண்டுதோறும் கவனிக்க ஆளுள்ள கலத்திற்கு ஊறும் எண்ணெயும் கீலும் ஏற்றவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே கவனிக்கப்படுவதற்கு நிறமூட்டிய வர்ணம் ஏற்றது. தெளிந்த வார்னிஷ், ஆண்டில் ஒருமுறையேனும் மேற்படை இடும் உறுதியுடையார்க்கே உரியது. எண்ணெய்க்கும் குறையுண்டு: அது நாறும், கருக்கும், புழுவைத் தனித்து வெல்லாது. ஆயின் அதன் குறைகள் கண்ணுக்குத் தெரிவன. மறைந்திருந்து கொல்வன அல்ல.

பழைய தச்சரும் மாலுமிகளும் இவ்வுண்மையை நூல்வழி அறிந்தாரல்லர். கையாலே செய்து, கண்ணாலே கண்டு, அடுத்த தலைமுறைக்குக் கையளித்தனர். நம் நாட்டிலும் அம்மரபு இருந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1937இல் அத்துறையை விட்டுப் புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. பருவந்தோறும் கலத்தைத் தடவிப் பார்த்து, பொருத்தைத் தட்டிக் கேட்டு, கலப்பற்றுச் செய்து, மீண்டும் பூசிய கைகளின் சாதனை அது. 1960களின் பின்னர்க் கண்ணாடிநார்ப் படகுகள் படிப்படியாகப் பரவின. அவற்றின் பயனை மறுப்பாரில்லை. எனினும் மரக்கலம் மறையும்போது அதனோடு மறைவது மரம் மாத்திரமன்று. ஆண்டுதோறும் அதனருகே சென்று கவனித்த பழக்கமும் மறைகின்றது. கலத்தைக் காத்தது எந்தப் பூச்சு என்று கேட்பின், அப்பழக்கமே என்று சரித்திரம் விடை கூறும். எஞ்சியுள்ள தச்சரிடத்தும் முதிய மாலுமிகளிடத்தும் இவ்வறிவு இன்னும் உண்டு. அவர்கள் வாய்மொழியை நம் மாணவர் கேட்டெழுதி வைப்பாராயின், அது இத்துறையிற் செய்யத்தக்க முதற்பணியாகும்.